அந்த ஆறு நாட்கள்

கோடை விடுமுறை முடிந்து 2025 ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம். ஒன்பதாம் வகுப்பில் சமூக அறிவியல் பாடம். புத்தகத்தைத் திறக்கும் முன் வழக்கம்போல, "லீவுல படிச்ச, கேட்ட செய்தி ஒண்ணு சொல்லுங்க" என்றேன். கிரிக்கெட் வந்தது, மழை வந்தது. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "பொள்ளாச்சி கேஸ்ல தீர்ப்பு வந்துச்சு டீச்சர்" என்றாள்.

வகுப்பு சட்டென்று அமைதியானது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஆறு வருஷம் கழிச்சுதான் டீச்சர் வந்துச்சு. பிடிச்ச அன்னிக்கே தூக்குல போட்டிருக்கணும்." இன்னொருவன், "எதுக்கு கோர்ட்டு? ஹைதராபாத்ல பண்ண மாதிரி சுட்டுரணும்" என்றான். கைதட்டல். நானும் அவர்களைப் போலவே கோபப்பட்டவள்தான். ஆனால் அந்தக் கைதட்டலில் என்னால் சேர முடியவில்லை. அதற்குக் காரணம் அந்த வழக்கு அன்று; பல ஆண்டுகளுக்கு முன் நான் சாட்சி சொல்லப் போன வேறொரு வழக்கு. அதைப் பற்றி ஆசிரியர் கூட்டங்களில்கூட நான் அதிகம் பேசியதில்லை. நம் இதழில் எழுதினால் இன்னொரு ஆசிரியருக்குப் பயன்படும் என்று சக ஆசிரியை ஒருவர் வற்புறுத்தியதால் எழுதுகிறேன். குழந்தையின் பெயர், ஊர், பள்ளி எதையும் சொல்ல மாட்டேன். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதை அனுமதிக்காது.

நான் சாட்சியான கதை

2014ஆம் ஆண்டு. அப்போது வேறு ஒரு பள்ளியில் இருந்தேன். ஏழாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி. நன்றாகப் படிப்பவள், மாலையில் மட்டும் வீட்டுக்குக் கிளம்ப மனமில்லாமல் வகுப்பிலேயே சுற்றிக்கொண்டிருப்பாள். கரும்பலகையைத் துடைப்பாள், நோட்டுகளை அடுக்குவாள். பொறுப்பான பிள்ளை என்று பாராட்டினேன். ஒருநாள் மதிய உணவு இடைவேளையில் அருகே வந்து நின்று, "டீச்சர், எங்க சித்தப்பா இருக்காருல்ல..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

அந்த இடத்தில் நான் அமைதியாகக் காத்திருந்திருக்க வேண்டும். பதற்றத்தில், "என்னம்மா, தப்பா தொட்டாரா?" என்று கேட்டுவிட்டேன். குழந்தை தலையை ஆட்டினாள். "எங்கே? எத்தனை தடவை? ஏன் அப்பவே அம்மாகிட்ட சொல்லல?" என்று அடுக்கினேன். கேள்விகள் வர வர அவள் வாய் மூடிக்கொண்டது. கடைசியில், "யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்" என்றாள். "சொல்ல மாட்டேன்" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அடுத்த பாடவேளையில் தலைமையாசிரியரிடம் சொன்னேன்.

அவர் கெட்டவர் அல்லர். பள்ளியின் பெயர், குழந்தையின் பெயர், ஊரின் பெயர் என்று எல்லாவற்றுக்கும் பயந்தவர். "அவசரப்படாதீங்கம்மா. டிரெஸ்ஸுக்கு மேலதானே? முதல்ல என்ன ஏதுன்னு விசாரிப்போம்" என்றார். அப்புறம் அவர் விசாரித்தார். மூத்த ஆசிரியை ஒருவர் விசாரித்தார். பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவர் விசாரித்தார். பாட்டியை வரவழைத்தோம், அவர் எங்கள் முன்னாலேயே குழந்தையை உலுக்கி, "ஏட்டி, என்னத்த சொல்லி வச்ச?" என்று கேட்டார். ஒவ்வொருவரிடமும் குழந்தை ஒரு சொல் கூட்டியோ குறைத்தோ சொன்னாள். பெரியவர்களே ஒரு சம்பவத்தை ஐந்து முறை சொன்னால் ஐந்தும் ஒன்றுபோல இருக்காது. ஆறாவது நாள் குழந்தைகள் உதவி எண்ணுக்கு யாரோ தகவல் சொல்ல, அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்து வந்தார்கள். அந்த யாரோ யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து சம்மன் வந்தது. சிறப்பு நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்டவற்றுக்கு நன்றாகவே பதில் சொன்னேன். பிறகு குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குரலை உயர்த்தவே இல்லை.

"குழந்தை உங்களிடம் சொன்னது எந்தத் தேதி?"

"ஜூலை மாதம்... ஒரு செவ்வாய்க்கிழமை."

"எழுதி வைத்தீர்களா?"

"இல்லை."

"தப்பாகத் தொட்டாரா என்ற வார்த்தையை முதலில் சொன்னது குழந்தையா, நீங்களா?"

"நான்தான்."

"குழந்தை தலையை மட்டும் ஆட்டினாள்?"

"ஆமாம்."

"காவல் நிலையத்துக்கு ஆறு நாட்கள் தகவல் சொல்லவில்லை. உங்களுக்கே நம்பிக்கை இல்லாததால்தானே?"

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. எழுத்தர் என்ன தட்டச்சு செய்தார் என்பது மட்டும் ஆவணத்தில் இருக்கும்.

குழந்தையின் அப்பா இறந்துவிட்டவர். சித்தப்பாவின் சம்பாத்தியத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. முதல் சில மாதங்கள் உறுதியாக நின்ற அம்மா, விசாரணைக்கு வந்தபோது "எனக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லி பிறழ் சாட்சியானார். பாட்டி அதற்கு முன்பே மாறிவிட்டார். குழந்தையும் "மறந்துருச்சு" என்றாள். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு வழி உண்டு என்று காட்டக்கூடிய யாரும் அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் பக்கத்தில் இல்லை, நானும் இல்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்க அவர் தனியாக வந்துபோனார். குழந்தையை அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

கோபம் போதுமா?

வகுப்பறைக்குத் திரும்புகிறேன். தூக்கு வேண்டும் என்று கேட்ட மாணவனிடம், "அது ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறதே, தெரியுமா?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், நாம் சுருக்கமாகப் போக்சோ என்று சொல்வது, 2012இல் நிறைவேறி அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று, குழந்தைகள் தினத்தில், நடைமுறைக்கு வந்தது. நாட்டில் எழுந்த பெருங்கோபத்தின் விளைவாக 2019இல் அது திருத்தப்பட்டது. மிகக் கடுமையான வகைக் குற்றத்துக்குக் குறைந்தபட்சம் 20 ஆண்டுகள், அதிகபட்சம் சாகும் வரை சிறை அல்லது மரண தண்டனை என்று 6ஆம் பிரிவு மாறியது. ஆக, தண்டனையின் கடுமையில் குறையில்லை. அந்தத் தண்டனை வரை வழக்கு போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

மாணவர்களிடம் ஒரு கதையாகச் சொன்னேன். ஓர் ஊர், ஒரு வீடு, அந்த வீட்டுக்குத் தினமும் வந்துபோகும், எல்லோருக்கும் பிடித்த ஓர் உறவினர். அவர் தவறாக நடந்துகொண்டதாகக் குழந்தை சொல்கிறது. வெளியே சொன்னால் அவருக்குத் தூக்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இப்போது அந்த வீட்டுப் பெரியவர்கள் புகார் கொடுப்பது சுலபமா, கடினமா? சற்று முன் கைதட்டிய அதே பிள்ளைகள் யோசித்தார்கள். "கடினம்தான் டீச்சர்" என்றான் என்கவுன்டர் கேட்டவன். "குழந்தையே சொல்லாது டீச்சர், தன்னாலதான் அவர் செத்துப்போவாருன்னு நினைக்கும்" என்றாள் செய்தியைச் சொன்ன மாணவி. நான் எதிர்பார்த்ததைவிட ஒரு படி மேலே போய்விட்டாள்.

(இந்தப் பயிற்சியைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. "உங்கள் வீட்டில் இப்படி நடந்தால்?" என்று கேட்டுவிடாதீர்கள். கையைத் தூக்கவும் சொல்லாதீர்கள். அப்படி நடந்த ஒரு குழந்தை அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கக் கூடும்.)

இது வெறும் ஊகம் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் விவரங்களைப் பார்த்தால், போக்சோ பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்: குடும்பத்தினர், உறவினர், அண்டை வீட்டார், நண்பர். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. பாதிக்கும் மேற்பட்டோர், 53 விழுக்காட்டினர், ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் ஆண் பிள்ளைகள் பாதிக்குக் குறையவில்லை. பெரும்பாலானோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாலியல் குற்றவாளிகளின் விவரங்களைத் தொகுக்கும் தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. காவல்துறைக்கு அது பயன்படும்தான். ஆனால் இதுவரை யாரும் புகார் கொடுக்காத சித்தப்பாவின் பெயர் எந்தத் தரவுத்தளத்திலும் இருக்காது.

ஹைதராபாத் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. 2019 டிசம்பர் 6 அன்று நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது காவலர்கள் மேல் மக்கள் பூத்தூவினார்கள். பின்னர் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம், தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொல்லப்பட்டதை நம்ப முடியாது என்று அறிக்கை தந்தது. வழக்கு நடக்கவே இல்லை. எனவே அந்த நால்வரும்தான் செய்தார்களா, வேறு யாரும் உண்டா என்பதை எந்த நீதிமன்றமும் சாட்சி கேட்டு முடிவு செய்யவில்லை. "அப்ப உண்மையான ஆளு வெளியே இருந்தா?" என்று ஒரு மாணவன் கேட்டான். குடிமையியலில் நியாயமான விசாரணை என்று நாம் மூன்று வரி நடத்துவோமே, அது அந்தக் கேள்வியில் இருக்கிறது.

பொள்ளாச்சி வழக்கை இதற்குப் பக்கத்தில் வைத்தேன். பாதிக்கப்பட்டவர்கள் இளம்பெண்கள் என்பதால் அது போக்சோ வழக்கு அன்று. 2019 பிப்ரவரியில் புகார். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் சிறை விதித்தது. ஆறு ஆண்டுகள் அதிகம்தான், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தீர்ப்பு வந்த அன்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொன்ன ஒன்றைப் பிள்ளைகளிடம் திரும்பச் சொன்னேன்: 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ் சாட்சியாக மாறவில்லை. அதைப் படித்தபோது எனக்கு என் ஏழாம் வகுப்புக் குழந்தையின் அம்மா நினைவுக்கு வந்தார்.

அதே பொள்ளாச்சி வழக்கில் ஆரம்பத்திலேயே ஒரு பெரிய தவறும் நடந்தது. புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் அதிகாரிகள் மூலமாகவே வெளியானது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 மார்ச்சில் உத்தரவிட்டது. நமக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒரு பள்ளியில் ஏதாவது நடந்தால் அன்று மாலைக்குள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் வகுப்பு, பிரிவு, சில சமயம் புகைப்படம் வரை வந்துவிடுகிறது. "அனுதாபத்தில் பகிர்ந்தேன்" என்பார்கள். பெயரைப் போடாமல் தெருவைப் போட்டாலும் அடையாளம்தான்.

சட்டம் நம்மிடம் கேட்பது

19ஆம் பிரிவு: இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சக் காரணம் இருந்தாலோ, எவராக இருந்தாலும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும். உண்மையா என்று விசாரித்து முடித்த பிறகு சொல்லுங்கள் என்று சட்டம் கேட்கவில்லை. விசாரணை காவல்துறையின் வேலை. 2014இல் நாங்கள் ஐந்து பேர் அந்த வேலையைச் செய்ய முயன்றுதான் வழக்கைக் கெடுத்தோம்.

இன்னொன்று, தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. அவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தகவல் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது கேட்ட ஒவ்வொருவரின் பொறுப்பு. தகவல் தராமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தன் கீழ் பணிபுரியும் ஒருவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர் மீது அதற்காக வழக்கு வராது என்றும் 19ஆம் பிரிவிலேயே பாதுகாப்பு இருக்கிறது. இந்தக் கடைசி வரியை நம் ஆசிரியர் பலர் அறிவதில்லை. "நாளைக்கு பொய்ன்னு ஆயிட்டா நம்ம தலையில விடியும்" என்பதுதான் ஓய்வறைப் பேச்சு.

இதில் நீதிமன்றங்கள் எவ்வளவு கண்டிப்பாக இருக்கின்றன என்பதற்கு ஒரு வழக்கு. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதிச் சிறுமிகள் பாதிக்கப்பட்டார்கள். அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் தகவல் தரவில்லை என்று வழக்கு. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது; 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. தெரிந்தும் தகவல் தராதது கடுமையான குற்றம், பெரும்பாலும் அது குற்றவாளிகளைக் காப்பாற்றும் முயற்சி என்றது. "டிரெஸ்ஸுக்கு மேலதானே" என்ற என் பழைய தலைமையாசிரியரின் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. தோலோடு தோல் பட்டால்தான் பாலியல் தாக்குதல் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொன்னதை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பர் 18 அன்று ரத்து செய்தது. பாலியல் நோக்கம்தான் முக்கியம் என்றது.

குற்றம் சாட்டப்படுபவர் நம்மில் ஒருவராக இருந்தால்? கல்வி நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்குள்ள குழந்தையிடம் செய்யும் குற்றத்தைச் சட்டம் கூடுதல் கடுமை கொண்டதாகப் பார்க்கிறது. தண்டனையும் அதற்கேற்பக் கூடுகிறது. "பாவம், குடும்பஸ்தர், இடமாறுதல் வாங்கிக்கொண்டு போகட்டும்" என்று முடிப்பதைப் போல மோசமானது வேறில்லை. போகும் பள்ளியிலும் குழந்தைகள்தான் இருக்கிறார்கள்.

நாம் கவனிக்காத இன்னொரு இடம் சேர்க்கைப் பதிவேடு. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்பதை அரசுத் தரப்பு நிரூபித்தால்தான் போக்சோ நிற்கும். 2023 ஜூலையில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில், மாற்றுச் சான்றிதழை மட்டும் வைத்து வயதை முடிவு செய்ய முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் போக்சோ தண்டனையை ரத்து செய்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது, "பிறப்புச் சான்றிதழ் அப்புறம் கொண்டு வாங்க" என்று ஏதோ ஒரு தேதியை எழுதி வைக்கிறோமே, பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கம் நீதிமன்றத்துக்குப் போகக்கூடும். தலைமையாசிரியர் அதைக் கையில் ஏந்தி, எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது நான் செய்வது

2022இல் இரண்டாவது முறை. இப்போது இருக்கும் பள்ளி, ஆறாம் வகுப்புப் பையன். கொரோனாவுக்குப் பின் பள்ளி திறந்து சில மாதங்கள். விளையாட்டுப் பாடவேளைக்குப் போகாமல் என் மேசை அருகே நின்றான். "ஒரு விஷயம் சொன்னா அடிக்க மாட்டீங்களே?" என்றான். நோட்டுத் திருத்துவதை நிறுத்தி, பேனாவை மூடி வைத்தேன். "மாட்டேன். சொல்லு" என்றேன். பிறகு வாயைத் திறக்கவில்லை. நீண்ட நேரம் ஆனது போலிருந்தது. உண்மையில் ஒன்றிரண்டு நிமிடம்தான் இருக்கும். அவனாகவே சொன்னான். அவன் வீட்டருகே கடை வைத்திருப்பவர்.

நான் கேட்டது இரண்டே கேள்விகள்: "அப்புறம்?" என்பது ஒன்று. "இப்ப வீட்டுக்குப் போக உனக்குப் பயமா இருக்கா?" என்பது மற்றொன்று. ஏன் போனாய், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்கவில்லை. ஏன் என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் குழந்தையின் காதில் "உன் தப்புதான்" என்றே விழும். அவனும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான். இந்த முறை சத்தியம் செய்யவில்லை. "உனக்கு உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். யார்கிட்ட சொல்றேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்றேன். சிறிது நேரம் யோசித்து, "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்றான்.

அவன் போனதும் நோட்டில் எழுதினேன். தேதி, மணி, இடம், அவன் சொன்ன சொற்கள் அவன் சொன்ன விதத்திலேயே. உறுப்புகளுக்கு அவன் பயன்படுத்திய வீட்டுச் சொல்லையே எழுதினேன், நாகரிகமாக மாற்றவில்லை. நான் கேட்ட இரண்டு கேள்விகளையும் எழுதினேன். கீழே கையெழுத்து. தலைமையாசிரியை என்னோடு உட்கார்ந்து காவல் நிலையத்துக்குப் பேசினார்; எழுத்திலும் தந்தோம். மாலை நான்கு மணிக்குள் முடிந்தது. குழந்தையை வேறு யாரும் ஒரு வார்த்தை கேட்கவிடவில்லை. ஓய்வறையில் ஒருவர், "பையன்தானே, இதுக்குப் போயா?" என்றார். போக்சோவுக்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது என்று மட்டும் சொன்னேன். அதிகம் பேசினால் யார் என்று தெரிந்துவிடும்.

அன்று மாலை பெண் உதவி ஆய்வாளர் சாதாரணச் சேலையில் அவன் வீட்டுக்கு வந்தார். குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது காவலர் சீருடையில் இருக்கக் கூடாது, குழந்தை விரும்பும் இடத்தில் வாங்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 24ஆம் பிரிவு. அம்மா பக்கத்தில் இருந்தார். தகவல் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போக வேண்டும், போனது. குழு ஓர் ஆதரவு நபரை நியமித்தது. அவர்தான் அந்த அம்மாவோடு மருத்துவமனைக்கும் நடுவர் நீதிமன்றத்துக்கும் போனவர், இழப்பீட்டுக்கு மனு எழுதத் துணை நின்றவர். 2014இல் இப்படி ஒருவர் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் குழந்தையின் வீட்டில் அடுப்பு எரிவதற்கு வேறு வழி தேடியிருக்கலாம்.

விசாரணையில் அவன் குற்றவாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வழக்கறிஞர்கள் கேள்விகளை நீதிபதியிடம் கொடுத்தார்கள். நீதிபதி அம்மா அவற்றைத் தன் மொழியில் மாற்றி அவனிடம் கேட்டார். கதவு மூடப்பட்ட விசாரணை. குழந்தையின் சாட்சியத்தை 30 நாட்களுக்குள்ளும் வழக்கை முடிந்தவரை ஓராண்டுக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று 35ஆம் பிரிவு சொன்னாலும் இங்கே ஓராண்டு கடந்துவிட்டது. மூன்று முறை ஒத்திவைப்பு. ஒவ்வொரு முறையும் அந்த அம்மா ஒரு நாள் கூலியை இழந்தார்.

என் முறை வந்தபோது, "எந்தத் தேதி?" என்ற அதே கேள்வி. சொன்னேன். "எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?" நோட்டைப் பற்றிச் சொன்னேன். நான் எதையும் கண்ணால் பார்க்காதவள், கேட்டவள் மட்டுமே. ஆனாலும் குழந்தை முதலில் சொன்ன சொற்கள் என்பதால் அவை அவனுடைய சாட்சியத்துக்குத் துணையாக நிற்கும் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் எனக்கு விளக்கியிருந்தார். குறுக்கு விசாரணை பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. 2024இல் தண்டனை வந்தது. ஐந்து ஆண்டுகள். செய்தித்தாளில் வரவில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு இந்தக் கதைகளை நான் சொல்லவில்லை, சொல்லக் கூடாது. புத்தகத்தின் பின்பக்கம் இருக்கும் 14417, 1098 ஆகிய எண்களைப் பார்க்கச் சொன்னேன். இதுவரை அவற்றை யாரும் நின்று படித்ததில்லை. எந்த எண்ணுக்கு யார் பேசுவார்கள், பெயர் சொல்ல வேண்டுமா, அப்பா போனிலிருந்து அடித்தால் தெரிந்துவிடுமா என்று கேள்விகள் வந்தன. அந்தப் பாடவேளை அதிலேயே போனது. சமூக அறிவியல் பாடத்தை மறுநாள்தான் தொடங்கினேன்.

அடுத்த வாரம் மாணவர் மனசு பெட்டியைக் குழுவாகத் திறந்தோம். நான்கு துண்டுச் சீட்டுகள். மூன்று கழிவறையில் தண்ணீர் வராதது பற்றி. நான்காவதில் "சமூக அறிவியல் டீச்சர்கிட்ட தனியா பேசணும்" என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை. கையெழுத்து எனக்குத் தெரிந்ததுதான். அன்று மூன்றாவது பாடவேளை எனக்கு வகுப்பு இல்லை.